போரில் தோற்ற ஜப்பான்: தோல்வியின் கடனை அடைத்தவர்கள் யார்?

கேள்வி: வேலவன், கோவை

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் எங்கள் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் நடந்த ஒரு பேச்சிலிருந்து இந்தக் கேள்வி பிறந்தது. மூத்த ஊழியர் ஒருவர், "ஜப்பானைப் பாருங்கள், அடியோடு தோற்றது, அதனால்தான் இருபது ஆண்டுகளில் தலைநிமிர்ந்தது. ஒரு நாடு உருப்பட வேண்டுமானால் ஒருமுறையாவது முழுமையாகத் தோற்க வேண்டும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பேச்சு நெருடியது. ஆனால் மறுத்துச் சொல்லும் அளவுக்கு விவரம் என் கையில் இல்லை.

1945 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானியப் பேரரசர் வானொலியில் சரணடைவை அறிவித்தார். 1968-இல் அதே நாடு, முதலாளித்துவ நாடுகளில் அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய பொருளாதாரமாகியிருந்தது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், தோல்விதான் வளர்ச்சிக்கு வித்திட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் 1918-இல் தோற்ற ஜெர்மனி, பதினைந்தே ஆண்டுகளில் ஹிட்லரின் கையில் போய் விழுந்தது. தோல்வி என்பது ஒரு நாட்டின் பொருளாதாரத்தையும் அரசியலையும் எந்த வழியாக மாற்றுகிறது? ஜப்பானுக்குக் கிடைத்தது தோல்வியின் பலனா, அல்லது வேறு எதன் பலனா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: மங்கையர்க்கரசி, மதுரை

வேலவன், உங்கள் அலுவலக நண்பர் 1945-இலிருந்து நேராக 1968-க்குத் தாவிவிட்டார். கல்லூரியில் பொருளாதார வரலாறு கற்பித்த காலத்தில், சரணடைவுக்குப் பிந்தைய முதல் ஐந்தாண்டுகளில்தான் நான் மாணவர்களை அதிக நேரம் நிறுத்திவைப்பேன். அந்த ஐந்தாண்டுகளை வாழ்ந்தவர்கள் யாரும் தோல்வியை ஒரு வரமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

போர் முடிந்தபோது ஏறத்தாழ 30 லட்சம் ஜப்பானியர் மாண்டிருந்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் குண்டுவீச்சில் எரிந்திருந்தன. நாட்டின் செல்வத்தில் சுமார் கால் பங்கு அழிந்திருந்தது. வணிகக் கப்பல்களில் ஐந்தில் நான்கு பங்கு கடலுக்கு அடியில் கிடந்தது. அரிசியும் சர்க்கரையும் தந்துகொண்டிருந்த கொரியாவும் தைவானும் கைவிட்டுப் போயின, மஞ்சூரியாவும் போனது. அங்கெல்லாம் இருந்த போர்வீரர்களும் குடியேறியவர்களுமாக 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர், கையில் ஒரு மூட்டையோடு தாயகம் திரும்பினார்கள். உணவு வரும் வழி அடைபட்ட அதே நேரத்தில் உண்ண வேண்டிய வாய்கள் பெருகின.

ஒரு மனிதரின் கதையைச் சொன்னால் அந்தக் காலம் விளங்கும். டோக்கியோவில் யமாகுச்சி யோஷிதாதா என்ற இளம் நீதிபதி இருந்தார். கள்ளச் சந்தையில் அரிசியும் கிழங்கும் வாங்கிப் பிடிபட்டவர்களின் வழக்குகள் அவரிடம் விசாரணைக்கு வந்தன. பங்கீட்டில் கிடைத்ததை மட்டும் உண்டு எவராலும் உயிர் வாழ முடியாது என்பது ஊரறிந்த செய்தி. பிறரைத் தண்டிக்கும் இடத்தில் இருந்துகொண்டு தானே அந்தக் குற்றத்தைச் செய்யக் கூடாது என்று அவர் கள்ளச் சந்தைப் பொருளைத் தொட மறுத்தார். பங்கீட்டில் வந்ததிலும் பெரும்பகுதியைப் பிள்ளைகளுக்கே கொடுத்தார். 1947 அக்டோபரில், 33 வயதில், ஊட்டமின்றி மெலிந்து இறந்தார். மற்றவர்கள் பட்டுக் கிமோனோக்களையும் வீட்டுச் சாமான்களையும் ஒவ்வொன்றாக உழவர்களிடம் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். மூங்கில் குருத்தின் மடல்களை ஒன்றன்பின் ஒன்றாக உரிப்பது போல உடைமைகளை உரித்து உண்டதால், அதற்கு "மூங்கில் குருத்து வாழ்க்கை" என்றே பெயர் வைத்தார்கள்.

இனி, நீங்கள் கேட்ட "எந்த வழியாக" என்பதற்கு வருகிறேன். போர்ச் செலவுக்காக அரசு வாங்கிக் குவித்திருந்த கடன், நாட்டின் ஓராண்டு வருமானத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தக் கடன்பத்திரங்கள் வங்கிகளிடமும் பொதுமக்களிடமும் இருந்தன. தோற்ற அரசால் அதைத் திருப்பித் தர இயலாது. ஆனால் யாரோ ஒருவர் அந்த இழப்பைத் தாங்கியாக வேண்டும். 1946 பிப்ரவரியில் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. குடும்பத் தலைவருக்கு மாதம் 300 யென், மற்ற ஒவ்வொருவருக்கும் 100 யென் மட்டுமே எடுக்கலாம் என்று வரம்பு விதித்தார்கள். பழைய நோட்டு செல்லாது, புதிய நோட்டுதான் செல்லும் என்று அறிவித்தபோது போதிய புதிய நோட்டு அச்சாகவில்லை. ஆகவே பழைய நோட்டின் மீதே சிறு முத்திரைத் தாளை ஒட்டிப் புழக்கத்தில் விட்டார்கள். பெருஞ்செல்வர்களின் சொத்து மீது ஒருமுறை மட்டும் விதிக்கப்பட்ட வரியின் உச்ச வீதம் 90 விழுக்காடு. போர்த் தளவாடம் செய்து கொடுத்த நிறுவனங்களுக்கு அரசு தர வேண்டியிருந்த ஈட்டுத்தொகைக்கு 100 விழுக்காடு வரி போட்டு, அந்தப் பொறுப்பையே இல்லாமல் ஆக்கினார்கள். மிச்சமிருந்ததை விலைவாசி தின்றது: 1945-க்கும் 1949-க்கும் இடையில் மொத்த விலைகள் பல பத்து மடங்கு ஏறின. நாட்டுப்பற்றோடு போர்ப் பத்திரம் வாங்கி வைத்திருந்த ஒரு பள்ளி ஆசிரியரின் வாழ்நாள் சேமிப்பு, சில வேளைச் சாப்பாட்டுக்குக்கூடப் போதாத தாளாயிற்று.

நிலத்திலும் இதே கதைதான். 1945-இல் சாகுபடி நிலத்தில் சுமார் 46 விழுக்காடு குத்தகையில் இருந்தது. நெல் வயல்களுக்கு விளைச்சலில் பாதியளவு வாரமாக, அதாவது குத்தகைப் பங்காக, நிலவுடைமையாளருக்குப் போனது. 1946 அக்டோபரில் நிறைவேறிய சட்டப்படி, ஊரில் இல்லாத நிலவுடைமையாளரின் குத்தகை நிலம் முழுவதையும், ஊரில் இருப்பவரிடம் ஏறத்தாழ ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட குத்தகை நிலத்தையும் அரசே வாங்கி உழுதவருக்கு விற்றது. விலை முன்னதாகவே நிர்ணயிக்கப்பட்டு, நீண்டகாலக் கடன்பத்திரமாகக் கொடுக்கப்பட்டது. விலைவாசி ஏறிய வேகத்தில் அந்தப் பத்திரத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. சில ஆண்டுகளில் குத்தகை நிலம் சுமார் 10 விழுக்காடாகக் குறைந்தது. பின்னாளில் தையல் இயந்திரமும் வானொலிப் பெட்டியும் வாங்கிய கிராமத்துச் சந்தை இப்படித்தான் உருவாயிற்று.

இத்தனைக்குப் பிறகும் வளர்ச்சி தானாக வரவில்லை. 1949-இல், அப்போது ஜப்பானைத் தன் பிடியில் வைத்திருந்த அமெரிக்கப் படை ஆட்சியின் ஆலோசகராக டெட்ராய்ட் வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் வந்து, வரவுக்கு மேல் செலவு கூடாது என்று கட்டாயப்படுத்தி, ஒரு டாலருக்கு 360 யென் என்ற மாற்று வீதத்தையும் நிலைநிறுத்தினார். விலைவாசி அடங்கியது, ஆலைகளும் மூடின. டொயோட்டா நிறுவனமே திவாலின் விளிம்பில் நின்று, ஆட்குறைப்பினால் வேலைநிறுத்தம் மூண்டு, 1950 ஜூனில் அதன் தலைவர் டொயோடா கீச்சிரோ பதவி விலகினார். அதே மாதம் 25-ஆம் தேதி கொரியாவில் போர் வெடித்தது. அமெரிக்கப் படைக்கு லாரி வேண்டியிருந்தது, சாக்குப்பை வேண்டியிருந்தது, பழுதுபார்க்கும் பட்டறை வேண்டியிருந்தது. அந்தக் கொள்முதல்தான் ஜப்பானிய ஆலைகளை மீண்டும் ஓட வைத்தது. பக்கத்து நாடு எரிந்த நெருப்பில் கிடைத்த வெப்பம் அது. உங்கள் அலுவலக நண்பரிடம் இதையும் தவறாமல் சொல்லுங்கள்.

பதில் 2: ஆதிரை, புதுச்சேரி

மங்கையர்க்கரசி அம்மா சொன்னவற்றில் பொருளாதாரப் பகுதியை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அதைப் படிப்பவர்கள், தோல்வி பழையதை எல்லாம் துடைத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அரசியல் பக்கத்தைச் சேர்க்கிறேன்.

மாற்றங்கள் உண்மையானவை, அவற்றைக் குறைத்துப் பேச மாட்டேன். 1946 ஏப்ரல் 10 தேர்தலில் ஜப்பானியப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தார்கள். 39 பெண்கள் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, பேரரசரை இறையாண்மையின் இருப்பிடத்திலிருந்து இறக்கி நாட்டின் சின்னமாக மட்டும் வைத்தது. அதன் 9-ஆம் பிரிவு போரை நாட்டின் உரிமையாகக் கொள்வதையே கைவிட்டது. சிறையிலிருந்த அரசியல் கைதிகள் வெளியே வந்தார்கள், தொழிற்சங்கங்கள் சட்டப்படியானவை ஆயின.

ஆயினும் யார் ஆண்டார்கள் என்று பாருங்கள். சுமார் 2 லட்சம் பேர் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கப்பட்டாலும், அவர்களில் மிகப் பெரும்பாலோர் படைத்துறையைச் சேர்ந்தவர்கள். பொருளாதார அமைச்சகங்களின் அதிகாரிகள் பெரும்பாலும் தப்பினார்கள். அமெரிக்கப் படை வந்து இறங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், 1945 ஆகஸ்ட் 26 அன்று, போர்த்தளவாட அமைச்சகம் தன் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வணிகத் தொழில் அமைச்சகம் என்று மாறிக்கொண்டது. போர்க்காலத்தில் நிலக்கரியையும் இரும்பையும் எந்த ஆலைக்கு எவ்வளவு என்று பங்கிட்ட அதே மேசைகளிலிருந்துதான் போருக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சியும் திட்டமிடப்பட்டது.

போர்க்காலப் பிரதமர் டோஜோவின் அமைச்சரவையில் இருந்தவரும் 1941-இல் போர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவருமான கிஷி நொபுசுகே, போர்க் குற்றச் சந்தேகத்தின் பேரில் சுகாமோ சிறையில் மூன்றாண்டுகள் அடைக்கப்பட்டிருந்தார். 1948 டிசம்பர் 23 அன்று டோஜோ உள்ளிட்ட எழுவர் தூக்கிலிடப்பட்டனர். மறுநாள் கிஷி விடுதலையானார். ஒன்பதே ஆண்டுகளில், 1957-இல், அவர் பிரதமர். பனிப்போர் தொடங்கிய பிறகு அமெரிக்காவுக்குச் சீர்திருத்தத்தைவிட நிலைத்தன்மை தேவைப்பட்டது. 1947 பிப்ரவரி 1 அன்று நடக்கவிருந்த பொது வேலைநிறுத்தத்தை, ஜப்பானில் இருந்த நேசநாட்டுப் படை ஆட்சியின் தலைவரான அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் முந்தைய நாளே தடை செய்தார். பெருங்குழுமங்களைப் பிரிக்கும் சட்டத்தின் கீழ் 325 நிறுவனங்கள் முதலில் அடையாளம் காணப்பட்டும், பிரிக்கப்பட்டவை வெகு சில.

என் மனத்தை மிகவும் வருத்துவது ஒகினாவா. 1945-இன் போரில் அந்தத் தீவின் மக்களில் நான்கில் ஒருவர் அளவுக்கு மாண்டார்கள். 1952 ஏப்ரல் 28 அன்று ஜப்பானுக்கு இறையாண்மை திரும்பியபோது ஒகினாவாவுக்குத் திரும்பவில்லை. அமெரிக்க ஆட்சி அங்கே 1972 மே 15 வரை நீடித்தது. இன்றும் ஜப்பானில் அமெரிக்கப் படைக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு, நாட்டின் பரப்பில் 0.6 விழுக்காடே உள்ள அந்தத் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. படைச் செலவைக் குறைத்துத் தொழிலில் முதலிட்டோம் என்று டோக்கியோ பெருமைப்படும்போது, அதற்கான நிலத்தைக் கொடுத்தவர்கள் ஒகினாவாவின் உழவர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேரரசின் பெயரால் போரிட அழைத்துச் செல்லப்பட்ட கொரியர்களும் தைவானியர்களும் 1952-இல் குடியுரிமையை இழந்தார்கள். அதனால் ஜப்பானிய வீரர்களுக்குக் கிடைத்த போர் ஓய்வூதியம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பதில் 3: சுப்பையா, ஈப்போ

ஆதிரை சொன்ன பட்டியலில் எங்கள் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். ஜப்பானின் தோல்விக்கு ஜப்பானுக்கு வெளியிலும் விலை கொடுக்கப்பட்டது.

என் பாட்டி ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் ஒரு கட்டு நோட்டு வைத்திருந்தார். பத்து வெள்ளி நோட்டு. அதில் குலையோடு வாழைமரம் அச்சிடப்பட்டிருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் புழங்கிய பணம் அது, "வாழைமர நோட்டு" என்போம். ரப்பர் தோட்டத்தில் வேலையின்றிப் போன காலத்தில், மரவள்ளிக்கிழங்கு நட்டு விற்றுச் சேர்த்த காசு. 1945 செப்டம்பரில் வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததும் அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். பாட்டி அதை எறியவும் இல்லை, எரிக்கவும் இல்லை. தாத்தாவின் உழைப்பு அதில் இருக்கிறது என்று சொல்லி, பெட்டிக்குள் கற்பூரம் போட்டு வைத்திருந்தார். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட மரண ரயில் பாதைக்குத் தாத்தா கொண்டுபோகப்பட்டுத் திரும்பி வரவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து அப்படிக் கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல பத்தாயிரம் பேர்.

இழப்பீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பான் பர்மாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் இந்தோனேசியாவுக்கும் கொடுத்த இழப்பீட்டின் பெரும்பகுதி ரொக்கமாகப் போகவில்லை. ஜப்பானிய ஆலைகளில் செய்த பொருளாகவும் ஜப்பானியரின் தொழில்நுட்பப் பணியாகவும் போயிற்று. ஆகவே தோல்வியின் தண்டமே அந்த ஆலைகளுக்கு ஆர்டராகி, தென்கிழக்காசியச் சந்தைக்குள் அவை மீண்டும் நுழையும் வாசலுமாயிற்று. மலேசியாவுக்கு, 1967-இல் செய்த உடன்பாட்டின்படி, இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. நாட்டின் கப்பல் நிறுவனம் அவற்றைக் கொண்டு வளர்ந்தது, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பாட்டியின் பெட்டியிலிருந்த நோட்டுக்கு யாரும் ஒரு காசு தரவில்லை.

வேலவன், கோவை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சுப்பையா ஐயா, உங்கள் பாட்டியின் பெட்டியைப் பற்றிப் படித்த பிறகு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. ஜெர்மனியைப் பற்றிய என் கேள்வி மட்டும் நிற்கிறது. அங்கும் சேமிப்பெல்லாம் கரைந்ததே. பிறகு ஏன் வேறு திசை?

பதில் 4: கதிரவன், சென்னை

வேலவன், என் பார்வையில் பெரிய வேறுபாடு, தோல்வியில் கையெழுத்திட்டது யார் என்பதில் இருக்கிறது. 1918 நவம்பர் 11 அன்று ஜெர்மனியின் சார்பில் போர்நிறுத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிக் கையெழுத்திட்டவர் மத்தியாஸ் எர்ஸ்பெர்கர் என்ற குடிமை அரசியல்வாதி. போரை நடத்திய தளபதிகள் பின்னால் நின்றுகொண்டார்கள். எதிரிப் படை ஜெர்மன் மண்ணுக்குள் புகாத நிலையில் போர் முடிந்ததால், "படை தோற்கவில்லை, உள்நாட்டில் முதுகில் குத்தினார்கள்" என்ற பொய்யை மக்கள் எளிதாக நம்பினார்கள். அடுத்த ஆண்டே தளபதி ஹிண்டன்பர்க் அதை நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன்பே சொன்னார். எர்ஸ்பெர்கர் 1921-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹிண்டன்பர்க் 1925-இல் குடியரசுத் தலைவரானார், 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைப் பிரதமராக நியமித்தவரும் அவரே. ஜப்பானிலோ, 1945 செப்டம்பர் 2 அன்று அமெரிக்கப் போர்க்கப்பல் மிசூரியின் தளத்தில் அரசுக்காக வெளியுறவு அமைச்சர் ஷிகெமித்சு கையெழுத்திட்ட பிறகு, படைக்காகத் தலைமைத் தளபதி உமெசு தானே குனிந்து கையெழுத்திட்டார். அதன் பிறகு படை தோற்கவில்லை என்று சொல்ல யாருக்கும் இடமில்லை.

பண வீக்கத்தைப் பொறுத்தவரை, 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4,20,000 கோடி மார்க் என்ற நிலை வந்து நடுத்தர வகுப்பின் சேமிப்பு அழிந்தது. அந்த அழிவுக்கான பழி முழுவதும் புதிய குடியரசின் தலையில் விழுந்தது. ஜெர்மனியின் கிழக்குப் பகுதியிலிருந்த பெருநிலக்கிழார்களின் பண்ணைகள் மட்டும் பெரும்பாலும் கலையாமல் நின்றன. சேமித்தவர் இழந்தார், நிலமுள்ளவர் இழக்கவில்லை. அந்த நிலமுள்ளவர்கள் பின்னர் குடியரசைக் கவிழ்க்கத் துணை நின்றார்கள். 13,200 கோடி தங்க மார்க் இழப்பீடு என்ற 1921-ஆம் ஆண்டுக் கோரிக்கையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நிலக்கிழார்களைத் தொடாமல் விட்டதைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை.

பதில் 5: பொன்னி, கும்பகோணம்

நிலம் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஜப்பானின் நிலச் சீர்திருத்தத்தில் மெக்கார்தரின் அலுவலகத்தில் இருந்து பணியாற்றியவர் வுல்ஃப் லடெஜின்ஸ்கி. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். அவரே 1960-களின் தொடக்கத்தில் நம் திட்டக் குழுவுக்காகத் தஞ்சாவூர் உள்ளிட்ட சில மாவட்டங்களின் குத்தகை நிலையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். சட்டம் இருக்கிறது, ஆனால் குத்தகைதாரர் பலர் எழுத்து ஏதுமின்றி வாய்ச்சொல்லை நம்பியே உழுகிறார்கள் என்பது அவர் இங்கே கண்டது.

ஜப்பானில் அவர் முன்னிலையில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அங்கே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்கள் அமைந்தன. ஒவ்வொன்றிலும் குத்தகைதாரர் ஐவர், நிலவுடைமையாளர் மூவர், சொந்த நிலத்தை உழுபவர் இருவர். எந்த வயலை யார் உழுகிறார் என்பது அந்தப் பத்துப் பேருக்கும் தெரியும், எவரும் மறைக்க முடியாது. வேளாண் அமைச்சகத்தின் அதிகாரிகள் போருக்கு முன்பிருந்தே குத்தகைச் சீர்திருத்தத்தை விரும்பினார்கள். நாடாளுமன்றத்தில் நிலக்கிழார்கள் அதை விடவில்லை. 1945 டிசம்பரில் ஜப்பானியரே கொண்டுவந்த முதல் சட்டமும் அரைகுறையாக இருந்ததால், மெக்கார்தரின் அலுவலகம் வலியுறுத்திய பிறகே இரண்டாவது சட்டம் வந்தது. ஆகவே வேலவன் அவர்களே, தோல்வி கொடுத்தது நிலக்கிழாரை நம்பியிராத ஓர் அதிகாரத்தை என்று நான் சொல்வேன். தைவானிலும் இப்படித்தான்: சீனத்தில் தோற்றுத் தீவுக்கு ஓடிவந்த அரசுக்கு அங்கிருந்த நிலக்கிழார்களோடு உறவும் இல்லை, கடனும் இல்லை; 1949-இல் வாரத்தை 37.5 விழுக்காடாகக் குறைத்தது, 1953-இல் நிலத்தையே எடுத்து உழுதவருக்குக் கொடுத்தது.

இங்கே 1961-இன் உச்சவரம்புச் சட்டம் 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்துக்கேற்பக் கணக்கிடும் ஏக்கர்) என்றது. சட்டம் வருமுன்பே மிராசுதார்கள் பெயர்களைப் பிரித்து எழுதிக்கொண்டார்கள். அந்தச் சட்டத்தை இயற்றியவர்களுக்கும் நிலமுடையவர்களுக்கும் இடையே பகை எதுவும் இல்லை; பல இடங்களில் இருவரும் ஒரே குடும்பத்தினர். என் தாத்தா குடமுருட்டிக் கரையில் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். அளந்து கொடுத்த நெல்லுக்குச் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்திருந்தார். அதற்கு மேல் அவரிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றலாம் என்று 1969-இல் சட்டம் வந்தபோது, பண்ணை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அவர் மனுக் கொடுக்கவே இல்லை.